புற்றுநோய்ப் பதிவேடு: நோயாளியின் பெயர் ஏன் கேட்கப்படுகிறது, யாரிடம் செல்கிறது?

இந்தியாவிலுள்ள 43 மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகள் திரட்டிய தகவல்களின் தொகுப்பு 2025 ஆகஸ்ட் மாதத்தில் வெளியாயிற்று. 2015 முதல் 2019 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அப்பதிவேடுகளில் 7,08,223 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது பதிவாகியிருந்தது. அத்தகவலின் அடிப்படையில், ஒருவருக்குத் தம் வாழ்நாளில் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு 11 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. இது ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவர் என்னும் அளவாகும். மிசோரம் மாநிலத்து ஆண்களிடையே இவ்வாய்ப்பு 21.1 விழுக்காடாக இருந்தது. நாடு முழுவதற்குமான சராசரி ஒரு பகுதியின் நிலையைக் காட்டாது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது. வட்டாரந்தோறும் தனித்தனிப் பதிவேடுகள் இயங்குவதற்கான காரணமும் இதுவே.

இவ்வெண்கள் ஒவ்வொன்றும் ஒரு நோயாளியின் பெயரிலும் முகவரியிலும் இருந்து தொடங்குகின்றன. மருத்துவமனையில் பதிவேட்டுப் பணியாளர் விவரம் கேட்கும்போது நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் இயல்பாகவே சில ஐயங்கள் எழுகின்றன. இத்தகவல் அக்கம்பக்கத்தினருக்குத் தெரிந்துவிடுமா? பணியிடத்திற்கோ காப்பீட்டு நிறுவனத்திற்கோ செல்லுமா? வீட்டுப் பெண்ணின் திருமணப் பேச்சைப் பாதிக்குமா? எண்ணிக்கைதான் நோக்கமென்றால் பெயர் எதற்கு? இக்கேள்விகளுக்கு விடை காண, பதிவேடு இயங்கும் முறையைப் படிப்படியாக அறிந்துகொள்வது பயன் தரும்.

இருவகைப் பதிவேடுகள்

புற்றுநோய்ப் பதிவேடுகள் இருவகைப்படும். மருத்துவமனை சார்ந்த பதிவேடு, குறிப்பிட்ட மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளைப் பற்றியது. எந்நிலையில் நோய் கண்டறியப்பட்டது, என்ன சிகிச்சை அளிக்கப்பட்டது, அதன் விளைவு என்ன என்பவற்றை அது காட்டும். நோயாளி எந்த மாநிலத்திலிருந்து வந்தவராயினும் அதில் இடம்பெறுவார்.

மக்கள்தொகை சார்ந்த பதிவேடு ஒரு நிலப்பகுதியைப் பற்றியது. அப்பகுதியில் வசிப்பவர்களுக்கு ஓர் ஆண்டில் புதிதாக ஏற்பட்ட புற்றுநோய்கள் அனைத்தையும், அவர்கள் எங்கே சிகிச்சை பெற்றாலும், அது கணக்கில் சேர்க்கிறது. பிற மாநிலத்திலிருந்து சென்னைக்கு வந்து சிகிச்சை பெறும் ஒருவர் சென்னை மருத்துவமனையின் பதிவேட்டில் இருப்பார். ஆனால், சென்னைக்கான மக்கள்தொகைப் பதிவேட்டின் கணக்கில் சேரமாட்டார். ஒரு லட்சம் மக்களில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்னும் விகிதத்தை இவ்வகைப் பதிவேட்டால் மட்டுமே கூற இயலும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981ஆம் ஆண்டின் இறுதியில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களின் மக்கள்தொகைப் பதிவேடுகள் இதில் இடம்பெற்றன. சென்னைப் பதிவேடு அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அமைந்துள்ளது. 1982 முதல் அதன் தரவுகள் தொடர்ந்து கிடைக்கின்றன. மாநிலம் முழுவதையும் உள்ளடக்கும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம், மாநில அரசும் அந்நிலையமும் இணைந்த முயற்சியாக 2012இல் தொடங்கப்பட்டது. தேசிய அளவிலான தொகுப்புப் பணியைப் பெங்களூருவிலுள்ள தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையம் மேற்கொள்கிறது.

தகவல் திரட்டப்படும் முறை

பல நாடுகளில் புற்றுநோயைக் கண்டறியும் மருத்துவமனையே பதிவேட்டிற்குத் தகவல் அனுப்பியாக வேண்டும் என்று சட்டம் உள்ளது. இந்தியப் பதிவேடுகள் பெரும்பாலும் வேறு வழியில் வளர்ந்தவை. இங்கே பயிற்சி பெற்ற பதிவேட்டுப் பணியாளர்களே தகவல் உள்ள இடங்களுக்குச் செல்கின்றனர். அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளின் மருத்துவ ஆவணப் பிரிவு, கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு, திசுப் பரிசோதனை செய்யும் நோய்க்குறியியல் ஆய்வகம், ஸ்கேன் மையம் ஆகியவை முதன்மையான இடங்களாகும். தேவைப்படும் இடங்களில் நோயாளியையோ உடனிருப்பவரையோ நேரில் சந்தித்தும் விவரம் பெறுகின்றனர். உள்ளாட்சி அமைப்புகளில் உள்ள இறப்புப் பதிவுகளையும் பார்வையிடுகின்றனர்.

பெயர், வயது, பாலினம், முகவரி, அம்முகவரியில் வசித்துவரும் காலம், தொலைபேசி எண், நோய் கண்டறியப்பட்ட நாள், கண்டறிந்த முறை, உடலில் நோய் தோன்றிய இடம், திசுவின் வகை, நோயின் நிலை, அளிக்கப்பட்ட சிகிச்சை ஆகியவை திரட்டப்படும் அடிப்படை விவரங்களாகும். நோய் கண்டறியப்பட்டபோது அப்பகுதியில் குறைந்தது ஓர் ஆண்டு வசித்திருப்பவரே அப்பகுதிவாசியாகக் கொள்ளப்படுவார்.

அடுத்து, நோய் பற்றிய விவரங்கள் உலகப் பொதுக் குறியீடுகளாக மாற்றப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, மார்பகத்தில் தோன்றிய புற்றுநோய் எம்மொழியில், எந்நாட்டில் எழுதப்பட்டிருந்தாலும் சி50 என்னும் குறியீட்டைப் பெறும். இவ்வாறு செய்வதால்தான் சென்னையின் தரவை மும்பையோடும் பிற நாடுகளோடும் ஒப்பிட முடிகிறது.

தகவலின் தரமும் தொடர்ந்து அளக்கப்படுகிறது. எத்தனை விழுக்காடு நோயாளிகளுக்குத் திசுப் பரிசோதனையின் மூலம் நோய் உறுதிசெய்யப்பட்டது என்பது ஓர் அளவுகோல். இறப்புச் சான்றிதழ் வழியாக மட்டுமே தெரியவந்தவர்கள் எத்தனை விழுக்காடு என்பது மற்றோர் அளவுகோல். இரண்டாவது எண் மிகுந்தால், பலர் உயிருடன் இருந்தபோது பதிவேட்டின் கண்ணில் படவேயில்லை என்று பொருள்.

இப்பணிகள் முடியக் காலம் பிடிக்கும். ஓர் ஆண்டின் தகவல் முழுமையாகச் சேர்ந்து, சரிபார்க்கப்பட்டு, அறிக்கையாக வெளிவரச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2019 வரையிலான தரவு 2025இல் வெளியானதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் ஏன் தேவை?

ஒரு பெண்மணிக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் திசுப் பரிசோதனை நடைபெறுகிறது என்று கொள்வோம். தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெறுகிறார். அவரைப் பற்றிய ஆவணம் இப்போது மூன்று இடங்களில் உள்ளது. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று அறியாவிட்டால், ஒரு நோயாளி மூவராகக் கணக்கிடப்படுவார். பெயரும் வயதும் முகவரியும் ஒப்பிடப்படுவதன் முதல் நோக்கம் இதைத் தடுப்பதாகும்.

தமிழ்நாட்டில் இவ்வொப்பீடு எளிதன்று. நம்மிடையே பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை; தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. திருமணத்திற்குப் பின் பல பெண்களின் தலைப்பெழுத்து மாறிவிடுகிறது. குடும்ப அட்டையில் ஒரு பெயரும் வீட்டில் அழைக்க ஒரு பெயருமாக இருப்பவர்கள் பலர். லட்சுமி என்னும் ஒரே பெயரை மூன்று மருத்துவமனைகள் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதக்கூடும். முதியவர்களின் வயது தோராயமாகவே குறிக்கப்படுகிறது. ஆகவே பணியாளர் தந்தை அல்லது கணவர் பெயரையும் பழைய முகவரியையும் மீண்டும் மீண்டும் கேட்பது துருவிப் பார்க்கும் நோக்கத்தால் அன்று. ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணுவதற்காகவே.

இரண்டாவது நோக்கம் பிழைத்திருப்போர் விகிதத்தைக் கணக்கிடுவது. சிகிச்சைக்குப் பின் ஐந்து ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் உயிருடன் உள்ளனர் என்பதே ஒரு பகுதியின் புற்றுநோய்ச் சேவை எவ்வளவு பயனளிக்கிறது என்பதைக் காட்டும். இதற்கு நோயாளிப் பதிவையும் இறப்புப் பதிவையும் பெயர் கொண்டு இணைத்தாக வேண்டும். எஸ்டோனியா நாட்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் காரணமாக 2001 முதல் 2007 வரை புற்றுநோய்ப் பதிவேட்டை இறப்புத் தகவல்களோடு இணைக்க இயலாமற்போயிற்று. அக்காலத்தில் இறந்தவர்கள் யார் என்பது பதிவேட்டிற்கு முழுமையாகத் தெரியவில்லை. அதனால் அந்நாட்டின் பிழைப்பு விகிதக் கணக்குகள் நம்பகத்தன்மையை இழந்தன. மறைகாப்பை நோக்கமாகக் கொண்ட ஒரு விதி, நோயாளிகளுக்கே பயன்பட வேண்டிய கணக்கைக் குலைத்த நிகழ்வு இது.

முகவரியால் நேரும் பிழை

சிகிச்சைக்காகப் பெருநகரம் வரும் குடும்பங்கள், அங்குள்ள உறவினர் வீட்டு முகவரியையே மருத்துவமனையில் தருவதுண்டு. கடிதம் வந்து சேரும், தொடர்பு எளிது என்பன அவர்கள் கூறும் காரணங்கள். நோய் தம் ஊரில் தெரிந்துவிடக்கூடாது என்ற எண்ணமும் சிலருக்கு இருக்கலாம்.

இதன் விளைவைக் கருத வேண்டும். அந்நோயாளி தம் மாவட்டக் கணக்கில் விடுபட்டு, நகரக் கணக்கில் தவறாகச் சேர்ந்துவிடக்கூடும். ஒரு மாவட்டத்திலிருந்து நூறு குடும்பங்கள் இவ்வாறு செய்தால், அம்மாவட்டத்தில் நோய் குறைவு என்று தோன்றும். கதிர்வீச்சுக் கருவியை எங்கே நிறுவுவது, புற்றுநோய் மருத்துவர் பணியிடத்தை எங்கே உருவாக்குவது, பரிசோதனை முகாம்களை எங்கே தொடங்குவது என்று திட்டமிடுவோர் முன் அம்மாவட்டத்தின் தேவை குறைத்தே காட்டப்படும். அடுத்த நோயாளியும் அதே தொலைவைப் பயணம் செய்ய நேரிடும்.

ஆகவே தற்காலிகமாகத் தங்கியிருக்கும் முகவரியையும் நிலையாக வசிக்கும் முகவரியையும் தனித்தனியே தெரிவிப்பது நல்லது. இரண்டையும் தருவதால் மருத்துவமனையுடனான தொடர்புக்குத் தடையேதும் இல்லை.

தகவல் யாருக்குச் செல்கிறது?

பதிவேட்டுத் தகவல் மூன்று நிலைகளில் பகிரப்படுகிறது.

முதலாவது, பொதுமக்களுக்கான அறிக்கைகள். இவற்றில் எண்ணிக்கைகளும் விகிதங்களும் மட்டுமே இருக்கும். எந்த உறுப்பில், எந்த வயதினரிடையே, எந்தப் பாலினத்தாரிடையே எவ்வளவு என்பதே செய்தி. தனிநபர் எவரும் இவற்றில் இடம்பெறுவதில்லை.

இரண்டாவது, தேசிய, பன்னாட்டுத் தொகுப்புகள். உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ளது. உலகெங்கும் தரச் சோதனையில் தேறிய பதிவேடுகளின் தரவுகளை அது தொகுத்து வெளியிடுகிறது. சென்னையின் தரவும் அத்தொகுப்பில் இடம்பெற்று வந்துள்ளது. இந்நிலையிலும் ஒப்பீட்டுக்கு வேண்டியவை வயது, பாலினம், நோய்க் குறியீடு, ஆண்டு போன்றவையே, பெயருக்கு வேலையில்லை.

மூன்றாவது, ஆய்வாளர்களின் கோரிக்கைகள். ஓர் ஆய்வாளர் எதற்காக, எந்தெந்த விவரங்களைக் கேட்கிறார் என்பதை எழுத்து வழியாகத் தெரிவித்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அடையாள விவரங்கள் நீக்கப்பட்ட பின் தரவை வழங்குவதே பொதுவழக்கு.

பெயரை நீக்குவது மட்டும் போதாது என்பதையும் கூற வேண்டும். ஒரு சிற்றூரில் அரிய வகைப் புற்றுநோய் ஏற்பட்ட ஒரே சிறுவனைப் பற்றிய வரியில் பெயர் இல்லாவிட்டாலும், ஊரார்க்கு அவன் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே மிகச் சிறிய எண்ணிக்கைகளை ஊர்வாரியாக வெளியிடாமல் பெரிய பகுதியோடு சேர்த்துக் காட்டுவது பாதுகாப்பான நடைமுறையாகும்.

பன்னாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடுகள் சங்கத்தின் மறைகாப்பு வழிகாட்டுதல்களின்படி, பதிவேட்டுப் பணியாளர் ஒவ்வொருவரும் மருத்துவருக்குரிய அதே இரகசியக் காப்புக் கடமைக்கு உட்பட்டவர். பணியை விட்டு நீங்கிய பின்னும் அக்கடமை தொடரும். நோயாளி இறந்த பின்னரும் அவருடைய தகவல் காக்கப்பட வேண்டும். பணி வழங்குவோர், காப்பீட்டு நிறுவனம், உறவினர் ஆகியோர் கேட்டுப் பெறுவதற்குரிய ஆவணம் அன்று இப்பதிவேடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்றவற்றின் பயன்பாட்டு ஆவணங்கள் வேறு, பதிவேடு வேறு. பதிவேட்டில் இடம்பெறுவதால் காப்பீட்டுப் பயன் கூடுவதோ குறைவதோ இல்லை.

சட்டமும் தற்போதைய விவாதமும்

புற்றுநோயைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் சுகாதாரத் துறை நிலைக்குழு 2022 செப்டம்பரில் பரிந்துரைத்தது. சில மாநிலங்கள் தத்தம் ஆணைகளின் வாயிலாக இவ்வாறு அறிவித்துள்ளன. அறிவிப்பு கட்டாயமானால், பதிவேட்டுப் பணியாளரை வரவேற்காத மருத்துவமனையும் ஆய்வகமும் தகவல் தந்தாக வேண்டும். இன்று விடுபட்டுப்போகும் நோயாளிகள் கணக்கில் சேர்வர். இதுவே பரிந்துரையின் வலுவான பயன்.

தயக்கம் கொள்வோரின் வாதத்திலும் பொருள் உண்டு. அறிவிக்க வேண்டிய நோய் என்றவுடன் காலரா, காசநோய் போன்ற தொற்றுநோய்களே மக்கள் நினைவுக்கு வருகின்றன. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும், கட்டாய அறிவிப்பு என்னும் சொல்லே அத்தகைய தவறான எண்ணத்தை வளர்க்கலாம்; அஞ்சி மருத்துவமனைக்கு வராமலிருப்போர் எண்ணிக்கை கூடலாம். மேலும், சட்டத்திற்காக அவசரமாக நிரப்பப்பட்ட படிவங்களைச் சரிபார்க்கப் பணியாளர் இல்லாவிடில், எண்ணிக்கை பெருகும், தரம் பெருகாது.

இதனுடன் இணைத்துப் பார்க்க வேண்டியது 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. ஆய்வு, ஆவணக் காப்பு, புள்ளியியல் ஆகிய நோக்கங்களுக்காகத் தகவல் கையாளப்படும்போது, இரு நிபந்தனைகளுக்கு உட்பட்டு இச்சட்டம் விலக்கு அளிக்கிறது. அத்தகவலைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய முடிவு எதுவும் எடுக்கப்படக் கூடாது. வகுக்கப்பட்ட தரநிலைகள் பின்பற்றப்பட வேண்டும். பதிவேட்டின் பணிக்கு இவ்விலக்கு இடமளிக்கிறது. அதே வேளையில், விலக்கின் நிபந்தனை பதிவேட்டின் எல்லையையும் வரையறுக்கிறது: பதிவேட்டுத் தகவலைக் கொண்டு ஒருவருக்கு வேலை மறுக்கவோ காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்தவோ முற்பட்டால், அது புள்ளியியல் நோக்கம் ஆகாது.

கட்டாய அறிவிப்பும் மறைகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று கருதத் தேவையில்லை. மருத்துவமனைக்குக் கடமை விதிக்கும் ஆணையே, தகவலைக் காண உரிமையுள்ளோர் யார், மீறினால் என்ன நடவடிக்கை என்பதையும் வெளிப்படையாகக் கூறுமானால், நோயாளியின் அச்சம் பெருமளவு நீங்கும். கடமையை மட்டும் கூறி மறைகாப்பைக் கூறாத ஆணை, பொய் முகவரிகளையே மிகுதியாகப் பெற்றுத்தரும்.

தரவு தந்த பயன்

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்றை இங்கே குறிப்பிடலாம். அம்மாவட்டத்தின் 114 ஊராட்சித் தொகுதிகள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவில் வழக்கமான சேவைகள் தொடர்ந்தன. பின்னர் இரு பிரிவுகளிலும் எத்தனை பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏற்பட்டது, எத்தனை பேர் இறந்தனர் என்பது பதிவேட்டின் துணையோடு ஒப்பிடப்பட்டது. பரிசோதனை வழங்கப்பட்ட பிரிவில் நோய் ஏற்படுவது 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007இல் வெளியான இம்முடிவு, பெரிய ஆய்வகம் இல்லாத ஊர்களிலும் உயிர்களைக் காக்க முடியும் என்பதைக் காட்டியது. ஊர்ப்புறத்து நோயாளிகளின் பெயர்களைப் பதிவுசெய்யும் அமைப்பு இல்லாதிருந்தால் இவ்வேறுபாட்டை அளந்திருக்கவே முடியாது.

சென்னைப் பதிவேடு தொடங்கிய காலத்தில் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறைந்து, மார்பகப் புற்றுநோய் முதலிடம் பெற்றது. தொடர்ச்சியான பதிவு இருந்தமையால்தான் இம்மாற்றம் புலப்பட்டது. இன்று நடைபெறும் மார்பக, கருப்பைவாய், வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகளும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசியும் பயன் தந்தனவா என்பதை வருங்காலத்தில் சொல்லப்போவதும் இத்தகைய பதிவேடுகளே.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

நிலையான முகவரியையும் அங்கே எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறீர்கள் என்பதையும் சரியாகக் கூறுங்கள். எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே பெயரை, ஒரே தலைப்பெழுத்துடன் பயன்படுத்துங்கள். திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலை எப்போதும் உடன் வைத்திருங்கள். மருத்துவருக்கும் அது முதன்மையான ஆவணம்.

நோயாளியிடம் நோயின் பெயரை இன்னும் தெரிவிக்கவில்லை என்றால், அதைப் பணியாளரிடம் முன்கூட்டியே தனியாகக் கூறுங்கள். விவரங்களை உடனிருப்பவரிடமிருந்து பெற இயலும். பணியாளரின் அடையாள அட்டையைக் காட்டுமாறு கேட்பதும், இத்தகவல் எவ்வாறு பாதுகாக்கப்படும் என்று வினவுவதும் உங்கள் உரிமை.

சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்து, நோயாளியின் உடல்நிலையை விசாரித்துத் தொலைபேசி அழைப்போ கடிதமோ வரலாம். சில இடங்களில் பணியாளர் வீட்டிற்கும் வரலாம். நோயாளி இறந்திருந்தால் அந்த அழைப்பு குடும்பத்தினருக்கு மனவேதனை தரக்கூடும். ஆயினும் அந்த ஒரு விடை பிழைப்பு விகிதக் கணக்கில் இன்றியமையாதது. வங்கிக் கணக்கு விவரமோ, கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணோ, பணமோ பதிவேட்டிற்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்டு வரும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

பதிவேட்டில் இடம்பெறுவதால் உங்கள் சிகிச்சையில் மாற்றம் எதுவும் நேராது. உங்கள் மாவட்டத்தில் இனி நோய் கண்டறியப்படுவோர்க்கு மருத்துவரும் கருவியும் பரிசோதனை முகாமும் எவ்வளவு அருகில் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கில், உங்கள் ஊரின் பெயர் சரியாக இடம்பெறும்.